கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம்

ஜூன் 24, திங்கள்

கேட்டைப் பார்க்காமல் இடித்துவிட்டேன் என்று இந்தக் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கேட்டை நான் நன்றாகப் பார்த்தேன். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அதே இடத்தில்தான் நிற்கிறது. அதன் இடது கதவு பாதி சாத்தியிருந்ததைத்தான் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. சங்கச் செயலாளர் என் மகனுக்கு ஃபோன் போட்டு, எண்பது வயதில் அம்மா வண்டி ஓட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். என் வயது எழுபத்து மூன்று. கேட்டில் ஒரு கம்பி வளைந்தது. காரின் இடது விளக்கு உடைந்தது. மனிதர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ரெஜிஸ் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். ஆகஸ்ட் பத்தாம் தேதியோடு என் லைசென்ஸ் முடிகிறது என்பதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னான். அதைப் புதுப்பிக்க வேண்டாமாம். வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டானாம். திருச்சியில் தனியாக இருந்தது போதும், பால்கனி பக்கத்து அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறோம், வந்துவிடு என்றான். அந்த அறை எனக்குத் தெரியும். அங்கே நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைப்பார்கள். வெளியே போக வேண்டுமென்றால் யாருக்கு நேரம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டும்.

நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் எண்ணை வாசித்தால்தான் அதைத் தருவார்கள். வாசித்துவிட்டால் வண்டியும் வீடும் என்னுடையவை, அவன் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. வாசிக்காவிட்டால் ஆகஸ்ட் பதினைந்து அன்று அவன் வரும்போது இரண்டு சாவியையும் கொடுத்துவிட்டு அவனோடு பெங்களூர் போய்விடுகிறேன். உடனே சரி என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கீழே போய், நிறுத்தி வைத்திருந்த வண்டிகளின் எண்களை வாசித்துப் பார்த்தேன். என் வண்டியின் எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது மனப்பாடம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 26, புதன்

கண் ஆஸ்பத்திரி. ஆட்டோவில் போனேன். புரை ஆரம்பித்திருக்கிறதாம், இப்போதைக்குத் தொட வேண்டாமாம். பவர்தான் நிறைய மாறியிருக்கிறது. இவ்வளவு பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று டாக்டர் பெண் கேட்டாள். நன்றாக ஓட்டினேன் என்றேன். புதுக் கண்ணாடி போட்டால் தூரத்து எழுத்து தெரியும், ஆனால் உடனே மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவள் கையெழுத்தை வாசிக்கக் கண்ணாடி மட்டும் போதாது.

ஜூன் 27, வியாழன்

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவைச் சேர்ந்தவர். எனக்குக் கண்ணில்தான் குறை. அவரோ என் காதருகே குனிந்து, கண்ணு சுத்தமா தெரியலையாம்மா என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அப்புறம் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிற ஒரு பழுப்பு நிறக் கண்ணாடியை எடுத்து, வயசானவங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, கீழ விழாது என்றார். நான் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து பெண்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவள். என் கையிலிருந்து எதுவும் கீழே விழுந்ததில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜூன் 29, சனி

மேல்மாடி திரு. குருபாதம் பேப்பர் வாங்க வந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சி.எஸ்.ஐ. சபை. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. தினமும் காலையில் என் ஆங்கிலப் பேப்பரை வாங்கிப் போய், மத்தியானம் மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவார். அதே பேப்பர் அவர் வீட்டு வாசலிலும் கிடப்பதை மொட்டை மாடிக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி நான் கேட்டதில்லை.

நான் ஆட்டோவில் போவதைக் கவனித்திருக்கிறார். வண்டிக்கு உடம்பு சரியில்லையா மிஸஸ் பங்கிராஸ் என்று கேட்டார். வண்டி நலம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என்னவோ, கேட், ரெஜிஸ், எண்ணை வாசிப்பது, பால்கனி அறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன்.

 பெங்களூர் என்றதும், அங்க கிளைமேட் நல்லா இருக்கும் என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் எதையும் பாதியில் வைப்பவர் அல்ல.

அரை மணி நேரத்தில் ஃபோனோடு திரும்பி வந்தார். அவர் போட்டிருக்கும் கண்ணாடியே இன்டர்நெட்டில் வாங்கியதாம். சீட்டில் உள்ள எண்களைப் பதிந்தால் போதும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோனுக்கு முகத்தைக் காட்டினால் ஃப்ரேமையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், வீட்டுக்கு வந்துவிடும், ஒரு பயலுக்கும் தெரியாது என்றார். கடைசிக் காரணம் எனக்குப் பிடித்தது. கூட இருந்து செய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிய முகத்தோடு வெளி ஆள் முன்னால் உட்காரும் வழக்கம் எனக்கு இல்லை.

ஜூலை 1, திங்கள்

காலை பூசை. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ஆர்டரை முடித்துவிட்டேன்.

சீட்டு எண்களைப் பதிந்து மூன்று முறை சரிபார்த்தேன். மைனஸ் குறி ஒன்றைக்கூட விடவில்லை. அதன் பிறகு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டது. இதை யார் தெரிந்து வைத்திருப்பார்கள்? தெரியாவிட்டால் ஃபோனே அளந்துகொள்ளும், எந்த ஃப்ரேம் பொருந்தும் என்றும் முகத்தில் வைத்துக் காட்டும் என்று எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றுங்கள், ஃபோனை எதிரே நிறுத்துங்கள், நேராகப் பாருங்கள், அசையாதீர்கள். சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, ஹாலில் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவு தூரத்தில், கண்ணாடியும் இல்லாமல், திரையில் மங்கலாக ஒரு முகம்தான் தெரிந்தது. நான் அசையவே இல்லை. அந்த ஃபோன் அவ்வளவு அசையாத முகத்தைப் பார்த்திருக்காது.

ஒவ்வொரு ஃப்ரேமாக முகத்தில் வந்து உட்கார்ந்தது. கறுப்பு சரியில்லை. மெல்லிய தங்க நிற ஃப்ரேம் வந்ததும் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படிப் பொருந்தியது. என் மூக்கு எப்போதுமே இவ்வளவு எடுப்பாக இருந்ததா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கர்வம் பாவம் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே அதை மேலே யோசிக்கவில்லை. கண்மணி தூரம் எழுபத்து இரண்டு என்று ஃபோன் சொன்னது. அளவு கச்சிதம் என்றும் சொன்னது.

ஜூலை 4, வியாழன்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். திரு. குருபாதத்துக்கு ஒரு பாட்டில். அவருக்கு உப்பு ஆகாது என்பதால் அதில் மட்டும் உப்பைக் குறைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது மூன்று பேர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது ஆள் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி.

ஜூலை 10, புதன்

கண்ணாடி வந்தது. பெட்டி, துடைக்கும் துணி, குட்டி ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. போட்டுப் பார்த்தேன். ஃப்ரேம் அகலமாக இருந்தது, காதுக்கு மேல் நிற்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தரை சாய்ந்துவிட்டது. சாப்பாட்டு மேசை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வாசலில் ஒரு படிக்கு இரண்டு படி தெரிந்தது, எது நிஜம் என்று காலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாடிப்படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது திரு. குருபாதம் மேலிருந்து இறங்கி வந்தார். என்ன செய்றீங்க என்றார். கைப்பிடி ஆடுகிறதா என்று பார்க்கிறேன், சங்கத்தில் சொல்ல வேண்டும் என்றேன். அவரும் பக்கத்தில் நின்று கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். லேசா ஆடுது என்றார். ஆடவே இல்லை. பிறகு தற்செயலாக எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாக, மெதுவாக, என் வீட்டு வாசல் வரை இறங்கினார். அவர் கடைக்குப் போக வந்தவர். திரும்ப மேலே போய்விட்டார்.

தலைவலி. எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன். பால்கனி அறைக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று ரெஜிஸிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஜூலை 11, வியாழன்

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம், ஒரு பிழை இல்லாமல். இவ்வளவு மோசமாக அளவெடுத்துக் கண்ணாடி விற்பது பொதுமக்களுக்கு ஆபத்து என்று முடித்திருந்தேன்.

சாயங்காலம் அங்கிருந்து ஹர்ஷினி என்ற பெண் பேசினாள். மேம், மேம் என்று மூச்சுக்கு ஒரு முறை. அவர்கள் கொடுத்த பவரும் அளவும் ஆர்டரில் உள்ளபடியே சரியாக இருக்கிறதாம். அப்படியென்றால் என் தலை கோணலா என்று கேட்டேன். ஐயோ இல்ல மேம் என்றாள். அளவெடுத்தபோது ஃபோன் எடுத்த படம் அவர்களிடம் இருக்கும், எடுத்துப் பார்த்து அனுப்புகிறேன் என்றாள். அனுப்பு, என் முகத்தில் என்ன குறை என்று நானும் பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

படம் வந்தது.

இதை நிதானமாக எழுத வேண்டும். மத்தியானத்திலிருந்து இரண்டு முறை எழுத உட்கார்ந்து, சிரிப்பு வந்து எழுந்துவிட்டேன்.

படத்தில் நான் இல்லை. கீழே ஓரத்தில் என் கொண்டை மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அதற்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் என் கணவர் பங்கிராஸ் இருக்கிறார். மருமகள் போட்ட சந்தன மாலையோடு, தங்க ஃப்ரேம் கண்ணாடி போட்டுக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு, துளியும் அசையாமல். பெரிதாக்கி மாட்டிய படம். நான் நாற்காலியை அதற்கு நேர் கீழே போட்டிருக்கிறேன். சர்க்கரை டப்பாவில் சாய்த்த ஃபோன் அண்ணாந்து அவரைத்தான் பார்த்திருக்கிறது. எழுபத்து இரண்டு மில்லிமீட்டர் அவருடையது. அந்த எடுப்பான மூக்கும் அவருடையது.

ஹர்ஷினி கூப்பிட்டாள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது குரலில் தெரிந்தது. சாருக்கு ரொம்ப சூப்பரா இருக்கு மேம் என்றாள். சார் போய் ஒன்பது வருடம் ஆகிறது என்றேன்.  சாரி மேம் என்றாள், அழுதுவிடுவாள் போல. அவளை நான்தான் சமாதானப்படுத்தினேன். அவர் இருந்திருந்தால் இந்தப் படத்தைப் பெரிதாக்கி ஊரெல்லாம் காட்டியிருப்பார், எதற்கும் சிரிக்கிற மனிதர் என்றேன். ஒரு முறை இலவசமாக மாற்றித் தருவார்களாம். ஆனால் ஃபோனை நம்பாமல், யாரையாவது எதிரே உட்கார வைத்து ஸ்கேலால் அளந்து அனுப்பச் சொன்னாள். எப்படி அளக்க வேண்டும் என்பதையும் விளக்கினாள். ஃப்ரேமையும் அதற்கேற்ற சிறிய அளவில் மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

என் சிரிப்புச் சத்தம் மேலே கேட்டிருக்கிறது. திரு. குருபாதம் என்னவோ ஏதோ என்று செருப்பில்லாமல் ஓடி வந்தார். படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கார் என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்க சிரிச்சு இன்னைக்குத்தான் கேக்குறேன் என்றார்.

இந்தக் குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை.

ஜூலை 13, சனி

அளவெடுக்க வேறு யார் இருக்கிறார்கள்? செயலாளரைக் கூப்பிட முடியாது. கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட முடியாது. வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்து, வராந்தாவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டேன். இந்த முறை சுவரை விட்டுத் தள்ளி.

முறை இதுதான். அளப்பவர் ஒரு கை நீளத்துக்கும் குறைவான தூரத்தில் உட்கார வேண்டும். என் புருவத்தில் ஸ்கேலை வைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் என் வலது கண்மணியைப் பார்க்க வேண்டும். நான் அவருடைய இடது கண்ணையே பார்க்க வேண்டும். பிறகு அவர் இந்தக் கண்ணை மூடி அந்தக் கண்ணைத் திறக்க வேண்டும். நானும் பார்வையை அந்தக் கண்ணுக்கு மாற்ற வேண்டும். தலை அசையக் கூடாது. சிரிக்கக் கூடாது.

அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார். பவுடர் வாசனை வந்தது. அவ்வளவு பக்கத்தில் ஸ்கேலின் கோடு தெரியவில்லை என்று அவரும் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆக இரண்டு பேருமே கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். முதல் முறை அறுபத்து ஒன்று என்றார். இரண்டாவது முறை அறுபத்து ஐந்து. ஸ்கேல் என் நெற்றியில் தடதடவென்று ஆடியது. ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கை நடுங்கலாமா என்று கேட்டேன்.

"ரயிலு இவ்வளவு பக்கத்துல வந்ததில்ல, மிஸஸ் பங்கிராஸ்" என்றார்.

சிரிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. அறுபத்து மூன்று. உறுதிப்படுத்த இன்னொரு முறையும் அளந்தார். அதுவும் அறுபத்து மூன்று. அதன் பிறகும் ஒரு முறை அளந்தார். அது எதற்கு என்று தெரியவில்லை. நானும் போதும் என்று சொல்லவில்லை.

அவருடைய கண்ணாடியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. எனக்கு இப்படி நேர்ந்ததே இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

புதுக் கண்ணாடி வந்தது. தரை சமமாக இருக்கிறது. ஒரு படிக்கு ஒரு படிதான்.

ஃபேன் இறக்கைகள் மேல் இவ்வளவு தூசி இருப்பதை வேலைக்கார அம்மா இத்தனை நாள் எனக்குச் சொல்லவே இல்லை. எதிர் வரிசை வீட்டு மொட்டை மாடியில் காயும் துணிகளை எண்ண முடிகிறது. வேப்பமரம் பச்சையாக ஒரு மொத்தை என்று நினைத்திருந்தேன். தனித்தனி இலையாக இருக்கிறது. திரு. குருபாதத்தின் இடது காதுக்குக் கீழே ஒரு சிறிய மச்சம் இருக்கிறது. சட்டையின் இரண்டாவது பட்டனை வேறு நிற நூலால் தைத்திருக்கிறார். இவற்றை எல்லாம் குறித்து வைப்பது கண்ணாடியின் தரத்தைப் பதிவு செய்வதற்காக.

பட்டனைச் சரியான நூலால் தைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 27, சனி

விளக்கு மாற்றியாயிற்று. வண்டியை எடுத்தேன். நாளாகிவிட்டதால் ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது என்று திரு. குருபாதம் சொன்னார். சரி என்று முன் சீட்டில் உட்கார வைத்தேன். கேட்டின் இரண்டு கதவையும் அவரே இறங்கித் திறந்தார். செயலாளர் பால்கனியில் நின்று பார்த்தார். வண்டிக்கும் கேட்டுக்கும் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு வெளியே வந்தேன். அவசரப்படவில்லை. அவர் நன்றாகப் பார்க்கட்டும்.

கிராப்பட்டியிலிருந்து பொன்மலை வரை போய் வந்தோம். ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை, சிவப்பு என்று அவர் சத்தமாக அறிவித்தார். பழக்க தோஷமாம். நிறுத்தச் சொன்னேன். எனக்குக் கண் தெரிகிறது, அதற்காகத்தான் இவ்வளவு பாடு என்றேன். அதற்கப்புறம் உதட்டை மட்டும் அசைத்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எங்கள் பழைய டாக்டரிடம் போனோம். உள்ளே போய் உட்காரும் முன்பே அவர் சான்றிதழை எடுத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். உங்களைத் தெரியாதாம்மா, எக்ஸ்சேஞ்ச் காலத்திலேர்ந்து பாக்குறேன், கையெழுத்து போட்டுத் தரேன் என்றார். பக்கத்தில் திரு. குருபாதம் ஒரு பெரிய மூச்சு விட்டது கேட்டது.

வேண்டாம், பரிசோதித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றேன். திரு. குருபாதம் இருமினார். மறுபடியும் இருமினார். டாக்டர் அவருக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டார். அவர் என் பக்கம் குனிந்து, குடுக்குறதை வாங்கிக்கிட்டுப் போலாமே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். முடியாது. எண்ணை வாசித்தால் என் வீடு, வாசிக்காவிட்டால் பெங்களூர் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். வாசிக்காமல் வாங்கிய கையெழுத்தை அவன் முகத்துக்கு நேராக எப்படி நீட்டுவேன்?

டாக்டர் சிரித்துக்கொண்டே தெருவுக்கு வந்தார். தூரத்தில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஸ்கூட்டரைக் காட்டினார். அது யாருடையது என்று தெரியாது. அந்த எண்ணை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வெயில் அதன் மேல் பட்டுப் பளபளத்தது. எழுத்துகளை வாசித்தேன். முதல் மூன்று எண்களை வாசித்தேன். கடைசி எண் மூன்றா எட்டா என்று நின்றுவிட்டேன்.  பால்கனி அறை, அந்த நாற்காலி, ஜன்னல் கம்பி எல்லாம் கண் முன்னே வந்து நின்றன. அவற்றை நகரச் சொல்லிவிட்டு, அவசரப்படாமல் பார்த்தேன். இடது பக்கம் கோடு மூடியிருந்தது.

எட்டு என்றேன்.

டாக்டர் போய்ப் பார்க்க நடந்தார். திரு. குருபாதம் அவரை முந்திக்கொண்டு போனார். எழுபத்தைந்து வயது மனிதர் நடுத்தெருவில் ஓடக் கூடாது. அவர் ஓடினார். ஸ்கூட்டருக்கு முன் குனிந்தார், நிமிர்ந்தார், வண்டி புறப்படலாம் என்று காட்டுவது போல வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். இளநீர்க்காரர் எதற்கென்றே தெரியாமல் அவரும் கையை ஆட்டினார்.

சான்றிதழில் கையெழுத்து வாங்கினேன். தேதியைச் சரிபார்த்தேன். ஏழாம் தேதி போடப் போனார், திருத்தினேன்.

திரும்பும்போது தலைமைத் தபால் நிலையச் சிக்னலில் சிவப்பு. திரு. குருபாதம் உதட்டைக்கூட அசைக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"எமரன்சி, நீங்க பெங்களூர் போறதா இருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டேன். உங்க மகன்கிட்டேர்ந்து உங்களைப் பிடிச்சு இழுக்குற மாதிரி ஆயிடும். இப்ப நீங்க இங்கதான் இருக்கப்போறீங்க. அதனால கேக்குறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"

அவர் என் பெயரைச் சொன்னது இதுவே முதல் தடவை.

"வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது" என்றேன்.

"வண்டி நின்னுகிட்டுத்தானே இருக்கு."

"சிக்னல் மாறப்போகிறது."

மாறியது.  இரண்டாவது கியரிலேயே வந்துவிட்டேன் என்பதை வீட்டு வாசலில்தான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கொத்தவரங்காய் கருகிவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 8, வியாழன்

திரு. குருபாதம் நேற்றும் பேப்பர் வாங்க வரவில்லை, இன்றும் வரவில்லை. பேப்பரில் ஒன்றும் இல்லைதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் சபைக்குக் கிளம்பி இறங்கும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். குட் மார்னிங் மிஸஸ் பங்கிராஸ் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடி போட்டிருந்ததால், படி திரும்பும் இடத்தில் அவர் ஒரு முறை நின்றது வரை தெரிந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாள். ரெஜிஸ் காலை ரயிலில் வந்தான். ஜங்ஷனுக்கு நானே வண்டியைக் கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் சாவிக்குக் கை நீட்டினான். பையைப் பின்னால் வைத்துவிட்டு ஏறு என்றேன்.

மேம்பாலம் வரை கதவுக்கு மேலே உள்ள பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தான். காலால் இல்லாத பிரேக்கை அழுத்தினான். பாலம் இறங்கியதும் பிடியை விட்டான். அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தால் தூங்கிப் போயிருந்தான். சின்ன வயதில் அவன் அப்பா வண்டி ஓட்டும்போதும் இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை, இருந்தாலும் டாக்டர் கொடுத்ததன் நகலையும் புதுப்பித்து வந்த லைசென்ஸையும் மேசையில் எடுத்து வைத்தேன். வாசித்தான். மடித்து வைத்தான். அந்த ரூம்ல பசங்க படிக்கட்டும்மா என்றான். வண்டி வாங்க இருந்த ஆளுக்கு என் முன்னாலேயே ஃபோன் போட்டு, கொடுப்பதாக இல்லை என்று சொன்னான்.

அப்பாவின் கண்ணாடிப் படத்தைக் காட்டினேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னான்.

சாப்பிடும்போது, குருபாதம் அங்கிள் எங்க, எப்ப வந்தாலும் இங்கதானே பேப்பர் பார்த்துக்கிட்டு இருப்பார் என்று கேட்டான். என் மகனிடம் நான் எதையும் மறைப்பதில்லை. அவர் கேட்டதைச் சொன்னேன். ரசம் ஊற்றப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ என்னம்மா சொன்ன?"

"சிக்னல் மாறப்போகிறது என்றேன்."

"அம்மா. அதெல்லாம் ஒரு பதிலா?"

எழுந்து கை கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றான். வெகு நேரம் நின்றான். அவன் முகத்தை இங்கிருந்தே பார்க்க முடிந்தது, இருந்தும் நான் பார்க்கவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் பத்து நாளாக மேலே என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தாயா என்று கேட்டான். யோசித்தேன் என்றேன். எத்தனை தடவை என்றான். நான் ரசப் பாத்திரத்தை மூடி வைத்தேன். லைசென்ஸ் வந்த கையோட இதுவுமா என்று சொல்லிவிட்டு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 17, சனி

ரெஜிஸை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். சமையலறையை ஒழுங்கு செய்தேன். பட்டுப் புடவைகளை வெயிலில் போட்டேன். வேறு வேலை இல்லை. கீழ்க்கண்டதை நல்ல தாளில் எழுதி, மேல்மாடிக் கதவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இது அதன் நகல்.

அன்புள்ள திரு. குருபாதம்,

ஐந்தாம் தேதி சிக்னலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதது மரியாதைக் குறைவு. காரணம் சாலைப் பாதுகாப்பு மட்டும் அல்ல. குரல் சரியாக வராது என்று பயந்தேன். என் பதில், ஆம்.

சில விஷயங்களை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நீங்கள் வேறு சபை என்பதால் ஆயரின் அனுமதி வேண்டும். எங்கள் பங்குத்தந்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன். எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். உங்கள் சபையிலும் வாசிக்கட்டும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுந்து நின்று சொல்லட்டும், அது யார் என்று பார்க்க எனக்கு இப்போது கண் தெரிகிறது. என் வீட்டில் தண்ணீர் நன்றாக வரும், உங்கள் வீட்டில் காற்று நன்றாக வரும். எங்கே இருப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள், நான் மறுத்துப் பேசிவிட்டு ஒப்புக்கொள்வேன். உங்கள் மனைவியின் படம் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். லைசென்ஸ் இப்போதுதான் புதுப்பித்திருப்பதால் பெயரை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் நீங்கள் என்னை எமரன்சி என்றே கூப்பிடலாம்.

நாளை காலை பூசை முடிந்து வேளாங்கண்ணிக்கு வண்டியை எடுப்பதாக இருக்கிறேன். கடற்கரையில் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. ஏழு மணிக்குக் கிளம்புவேன். முன் சீட் காலியாக இருக்கிறது.

இதெல்லாம் உங்களுக்குச் சம்மதமா என்பதை இன்று இரவுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

எமரன்சியானா